முன்னூறு பெருக்கல் குறிகள்

எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் குறைவு என்று பதினேழு வயதில் நம்பிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பஸ்ஸின் பலகை முதல் மருந்து பாட்டில் வரை வீட்டில் எல்லாவற்றையும் படித்துச் சொல்வதும் நான். தலைக்கனம் ஏறாமல் இருக்குமா? (ஏறியது. இன்னும் முழுதாக இறங்கவில்லை என்கிறாள் என் தங்கை.)

பி.யு.சி. முடித்து ஒரு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். அதுவரை அவர்களுடைய நுழைவுத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். என் வருஷம் பார்த்து முறையை மாற்றிவிட்டார்கள். நூறு கேள்வி; ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, நான்கு கட்டம். எழுதவே வேண்டாமாம்! எழுதாமல் எப்படித் தேர்வு எழுதுவது? எங்கள் ஊரில் யாரும் அப்படி ஒரு வினாத்தாளைப் பார்த்ததில்லை. அது எப்படி இருக்கும் என்ற யோசனையிலேயே பாதிப் பாடத்தைக் கோட்டை விட்டேன்.

அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் தரம் பிரிக்கும் வேலை. சூளையிலிருந்து இறங்கிய கோப்பையை விரலால் சுண்டிப் பார்ப்பார். கணீரென்றால் நல்லது. சத்தம் மழுங்கினால் விரிசல். அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. சாப்பாடு கொண்டுபோகும் லீவு நாட்களில் நானும் உட்கார்ந்து குறி போடுவேன். நல்ல கோப்பை மேல் ஒரு கோடுகூட விழக் கூடாது என்பது அங்கே சட்டம்.

தேர்வு மெட்ராசில். அத்தா வாசலில் நின்றுகொண்டார். உள்ளே கண்காணிப்பாளர், "பெருக்கல் குறி மட்டும்தான் போடணும். ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. மத்ததெல்லாம் முதல் பக்கத்துல இருக்கு, படிச்சுக்குங்க" என்றார்.

நான் படிக்கவில்லை. பெருக்கல் குறியா? எனக்கா சொல்லித் தருகிறார்கள்?

முதல் கேள்வியில் தவறான விடைகள் மூன்று. சரசரவென்று மூன்று குறி. சரியான விடையைத் தொடவில்லை. அடுத்த கேள்விக்கும் மூன்று. பக்கத்து மேசையில் மூக்குக்கண்ணாடி போட்ட மெட்ராஸ் பெண் கேள்விக்கு ஒரே ஒரு குறிதான் போட்டுக்கொண்டிருந்தாள். பாவம், ஒரு தப்பைக் கண்டுபிடித்ததுமே களைத்துப்போகிறாள் என்று பரிதாபப்பட்டேன். முன்னூறு குறியும் போட்டு முடித்தபோது பென்சில் கட்டையாகியிருந்தது.

தாளைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வந்திருக்கலாம். ஆனால் எழுத்தே இல்லாத தாளை எப்படித் திருத்துவார்கள் என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கண்காணிப்பாளரிடமே கேட்டேன்.

"அதுக்கு ஒரு அட்டை இருக்கும்மா. சரியான விடை வர்ற எடத்துல மட்டும் ஓட்டை. தாள் மேல வெச்சு, ஓட்டைக்குள்ள எத்தனை குறி தெரியுதுன்னு எண்ணுவாங்க. அவ்ளோதான் மார்க்கு."

எவ்வளவு அழகான ஏற்பாடு என்று ஒரு நிமிடம் ரசித்தேன். பிறகுதான் என் தாள் நினைவுக்கு வந்தது.

"சார், ஒரு கேள்விக்கு மூணு குறி போட்டிருந்தா?"

"அப்படி யாராவது போடுவாங்களா?" என்று சிரித்தார்.

வாசலில் அத்தாவிடம் அழுதுகொண்டே சொன்னேன். அவருக்கு என் அழுகை புரியவில்லை. "நல்லதுமேல கோடு கீடு போட்டுட்டியா?"

"இல்லீங்க அத்தா."

"அப்ப ஒழுங்காதானே செஞ்சிருக்கே புள்ள!"

என்னையும் இழுத்துக்கொண்டு நேராக உள்ளே போய்க் கண்காணிப்பாளரைப் பிடித்தார். "சார், எங்க பக்கமெல்லாம் விரிசல்மேலதான் குறி போடுவோங்க. இது உங்க ஆளுங்க பண்ண தப்பு."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பெரியவரே, தாளெல்லாம் கட்டி சீல் வெச்சாச்சு. நான் என்ன பண்ண முடியும்?"

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. நூற்றுக்குப் பத்தொன்பது. இடம் இல்லை.

அன்று முழுவதும் அழுதேன். மறுநாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்டையின் ஓட்டைக்குள் என் குறி தெரிய வேண்டுமானால் சரியான விடையின் மேல் நான் குறி போட்டிருக்க வேண்டும். அப்படியானால் அந்தப் பத்தொன்பதும் நான் தப்பாகச் செய்தவை. மீதி எண்பத்தொன்றும் சரி! (எண்பதுக்குக் கீழே வாங்கியவர்களுக்கும் இடம் கிடைத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அதற்காக ஒரு நாள் தனியாக அழுதேன்.)

அத்தா காராபூந்தி வாங்கி வந்து தெருவுக்கே கொடுத்தார். "எம் பொண்ணு பத்தொம்போதுதான் வாங்கியிருக்கா!" என்று அவர் பூரித்ததைக் கேட்டவர்கள், மாநிலத்தில் பத்தொன்பதாவதாக வந்துவிட்டேன் என்று நினைத்தார்கள். அடுத்த வீட்டு அக்கா அன்று சாயங்காலமே குழந்தையைத் தூக்கி வந்து, "வவுறு உப்பியிருக்குது, கொஞ்சம் பாரேன் டாக்டரம்மா" என்றார்.

டாக்டராகவில்லை. பி.எஸ்சி. படித்து, இப்போது ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பரீட்சை நாளில் முதல் பக்கத்தை நானே சத்தமாக இரண்டு முறை படிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

இந்த வருஷம் தங்கை அதே தேர்வை எழுதினாள். முறை மறுபடி மாறி, இப்போது வட்டம் போட வேண்டுமாம். மார்க் வந்த அன்று வீட்டுக் கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கத்தினாள்: "அத்தா! எண்பத்தி மூணு!"

எல்லோரும் எழுந்துவிட்டோம். அத்தா மட்டும் உட்கார்ந்தபடியே, முகத்தில் கவலையோடு கேட்டார்:

"ஊர் கணக்குலயா, அக்கா கணக்குலயா?"