நானே சார் தட்டிய ஒரு வரி

ரெடிமேட் சாஃப்ட்வேரை வீட்டுக்குள் விடுவதில்லை என்று நானே சார் சபதம் எடுத்த அன்றே வினை ஆரம்பமாகிவிட்டது.

குழாய் ஒழுகினாலும் பல்பு போனாலும் "நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வார். தெருவில் அவருக்கு அந்தப் பெயர் வந்தது அப்படித்தான். மனைவி முன்னறையில் குழந்தைகளுக்குக் கவுன் தைப்பவள். துணி வெட்டுவதற்கு அளவுப் படம் வரைந்து பிரிண்ட் எடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது.

"ஒரு பட்டனை அமுக்குனா தானா இறங்கிடுமாமே?"

"அது சோம்பேறிங்களுக்கு. நான் சோர்ஸ் கோடை எடுத்து நானே கம்பைல் பண்ணி, சாஃப்ட்வேரா ஆக்கித் தரேன்."

செய்தார். மூன்று மணி நேரம் திரையில் எழுத்துகள் ஓடின. ராக்கெட் விடுகிறவர் மாதிரி கைகட்டி நின்றார். கடைசியில் திறந்தால், ஒரே ஒரு வரி: தேவையான லைப்ரரி ஃபைலைக் காணோம்.

"காணோம்னு சொல்லுதே?"

"எல்லாம் இருக்கு. நானேதான் வச்சேன்."

"வச்ச இடத்தை அதுகிட்ட சொன்னீங்களா?"

நானே சார் முறைத்தார். அவள் சொன்னதுதான் விஷயம். ஃபைல் புது ஃபோல்டரில் பத்திரமாக இருந்தது. ஆனால் கம்ப்யூட்டர் தன் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களில் மட்டும்தான் தேடும். பட்டியலில் இதையும் எழுதி ஒரு கட்டளை கொடுத்துவிட்டால் ஆயுசுக்கும் கவலையில்லை. இன்னொரு வழியும் உண்டு. திரையில் கட்டளை தட்டுகிற கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு வரி தட்டி, அங்கிருந்தே சாஃப்ட்வேரைத் திறப்பது. ஜன்னலை மூடினால் அதோடு சரி.

அவசரத்துக்கு இரண்டாவது வழியில் போனார். சாஃப்ட்வேர் திறந்தது.

"கெட்டிக்காரர்தாங்க நீங்க" என்றாள் மனைவி.

ஆபீஸில் புது ஆட்கள் வந்த பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. அது அவருக்கு உள்ளுக்குள் வலித்துக்கொண்டே இருந்தது. இப்போது மனசு குளிர்ந்துவிட்டது. முதல் வழியைப் பற்றி மூச்சு விடவில்லை. நாளைக்கும் கூப்பிடட்டுமே.

கூப்பிட்டாள்.

"ஏங்க, திறக்க மாட்டேங்குது. வர்றப்ப மாடியில காயுற துணியையும் எடுத்துட்டு வந்துடுங்க."

துணியை இறக்கி வைத்தார். நேராகப் போய் வரியைத் தட்டினார். என்ன பிழை என்று பார்க்கக்கூட இல்லை. அதைப் படிப்பதெல்லாம் கற்றுக்குட்டிகளின் வேலை.

அதற்கடுத்த நாள் வரும்போது ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னாள். வந்த கையோடு திரைச்சீலைக் கம்பியும் மாட்டப்பட்டது. பிறகு கதவுக் கீலுக்கு எண்ணெய், குழாய்க்கு வாஷர். இரண்டு வருஷமாகக் கிடந்த வேலைகள் இரண்டே வாரத்தில் முடிந்தன. நானே சாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? ஒரு நாளைக்கு மூன்று அழைப்பு. வாழ்க்கையில் இவ்வளவு மரியாதையை அவர் கண்டதில்லை.

"என்ன சார், கொஞ்ச நாளா ஓடியாடிட்டே இருக்கீங்க?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"நான் இல்லேன்னா அவளுக்கு ஒரு கவுன் நகராது சார். எல்லாம் நம்ம கைராசி."

பெருமை முற்றினால் பெருந்தன்மை வரும்போலிருக்கிறது. ஒரு ஞாயிறு காலை, மனைவி நூல் வாங்கப் போயிருந்த நேரம். பாவம், எத்தனை நாள்தான் நம்மையே நம்பியிருப்பாள் என்று இரங்கி, நிரந்தர வழியையே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தார். ஃபோல்டர் பட்டியலைத் திறந்தார்.

அவர் எழுத நினைத்த வரி ஏற்கெனவே அங்கே இருந்தது. எழுதப்பட்ட தேதியைப் பார்த்தார். கம்பைல் பண்ணிய அன்று சாயங்காலம்.

நூல்கண்டுகளோடு உள்ளே வந்த மனைவி திரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"இதை யார் எழுதினது?" என்றார்.

"நானேதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என்ன காணோம்னு அதுவே எழுதிக் காட்டுச்சே. படிச்சேன். புரியாததைத் தேடிப் பார்த்தேன். கம்ப்யூட்டரும் என்னோடது, பாஸ்வேர்டும் என்னோடது."

"அப்போ இந்த ரெண்டு வாரமா?"

"நல்லாத்தான் திறக்குது."

"பின்ன ஏன் கூப்பிட்டே?"

"குழாய் ஒழுகுதுன்னு ரெண்டு வருஷம் கூப்பிட்டேன். வந்தீங்களா? திறக்க மாட்டேங்குதுன்னா மட்டும் ஓடி வர்றீங்க."

நானே சார் மெதுவாகப் போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் நின்றது.

"ஏங்க, திறக்க மாட்டேங்குது. வர்றப்ப ஏணியையும் எடுத்துட்டு வாங்க. பரணைச் சுத்தம் பண்றது ஒண்ணுதான் பாக்கி."

நானே சார் ஏணியை எடுக்கப் போனார்.