தண்ணீர்த் தொட்டிமேல் ஈர்ப்பண்ணன்

சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அத்தனை பேரிலும் பூமியோடு சண்டை போட்டவர் ஈர்ப்பண்ணன் ஒருவர்தான். நாங்களெல்லாம் மேஸ்திரியோடும் மனைவியோடும் போடுவதோடு நிறுத்திக்கொண்டோம்.

அவர் கிரேன் ஓட்டுபவர். நான் குமாஸ்தா. புவியீர்ப்பு விதியில் ஓட்டை இருக்கிறது என்று 1950களின் கடைசியில் அவருக்கு ஒரு சந்தேகம் பிடித்தது.

"உசரம் போகப் போக இழுப்பு கொறையுது, சரி. ஆனா புஸ்தகத்துல சொல்றதவிட வேகமாக் கொறையுது லா. கேபின்ல உக்காந்தா எனக்கே தெரியுது" என்பார். எங்களுக்கு அங்கே உட்கார்ந்தால் தலைதான் சுற்றும்.

"அப்படின்னா நிலா எப்பவோ அத்துக்கிட்டு ஓடியிருக்கணுமே அண்ணே?" என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. பிறகு நிலாவுக்கு மட்டும் விதிவிலக்கு கொடுத்தார். மறுநாளே அதை அவரே அடித்துவிட்டார்.

"ஆளுக்கு ஆள் சலுகை குடுத்தா அது விதி இல்ல தம்பி, சிபாரிசு. தேங்காய்க்கும் நிலாவுக்கும் ஒரே கணக்கு வரணும்."

மண்டையை உடைத்துக்கொண்டு அதையும் வரவழைத்தார். தரைக்குப் பக்கத்தில் மட்டும் இழுப்பு சட்டென்று குறையும், அப்பால் பழையபடி நடக்கும். எல்லாம் ஒரே சூத்திரத்துக்குள். சோதனைதான் பாக்கி. கொத்தனாரின் தூக்குக்குண்டு இரண்டை ஒரே அளவுக் கயிற்றில் கட்டி, ஒன்றைத் தரையிலும் மற்றொன்றைப் பட்டறை எங்களுக்குக் கொடுத்த குவாட்டர்ஸ் வீடுகளின் தண்ணீர்த் தொட்டிமேலும் ஆடவிட வேண்டும். அவர் விதி மெய்யானால் மேலே உள்ளது பின்தங்கும்.

தொட்டியில் ஏறத் தடை. ஏற்கெனவே ஒருமுறை பிடிபட்டு, இன்னொரு தடவை ஏறினால் வேலை இல்லை என்று பட்டறையின் வெள்ளைக்காரத் துரை எச்சரித்திருந்தார். வேலை போனால் வீடும் போகும். அண்ணி சொல்லிப் பார்த்தார். "உங்க விதி பொய்யோ மெய்யோ, நானும் புள்ளைங்களும் தெருவுல நிக்கணுமா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏறியேவிட்டார். கீழே நான், கையில் விசில். அதை ஊதினால் இருவரும் குண்டின் ஆட்டங்களை எண்ண ஆரம்பிக்க வேண்டும், மறுபடி ஊதினால் நிறுத்த வேண்டும். மேலே கேட்கட்டும் என்று நீளமாக ஊதினேன்.

பட்டறையில் நீள விசில் என்றால் விபத்து. தினமும் அங்கேயே வேலை பார்க்கும் எங்கள் இருவருக்குமே அது தோன்றவில்லை. தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே துரையின் கார்.

"அண்ணே, எறங்குங்க! துரை வர்றாரு!"

"எண்ணுறத நிறுத்தாத! பாதிச் சோதனை சோதனையே இல்ல!"

துரை அரைக்கால் சட்டையோடு அண்ணாந்து நின்றார். நான் எண்ணி முடித்து இரண்டாவது விசிலை ஊதினேன். இரண்டாவது விபத்து என்று தீயணைப்புக்காரர்கள் குழாயை உருட்டினார்கள்.

ஈர்ப்பண்ணன் இறங்கி வந்து முதலில் என் எண்ணிக்கையைக் கேட்டார். சொன்னேன். துரையும் என்ஜினியர்தான். குண்டையும் கயிற்றையும் பார்த்ததும் கோபத்தோடு ஆவலும் சேர்ந்துகொண்டது. என்ன கண்டுபிடித்தாய், உருப்படியாக இருந்தால் இந்த ஒரு முறை விட்டுவிடுகிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

மேலே எண்ணிய கணக்கு ஈர்ப்பண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு பொய் போதும், வீடு தப்பிக்கும். மணிச்சத்தம் கேட்டு ஓடிவந்த அண்ணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார். "கொறஞ்சிச்சுன்னு சொல்லிடுங்கண்ணே" என்று நான் முணுமுணுத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார்.

"சேம் சார். மேலயும் அதேதான். மை தியரி ராங் சார்."

துரை தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினார். வேலை போகவில்லை, கிரேனிலிருந்து இறக்கிக் கயிறு ஸ்டோருக்கு மாற்றினார்கள், சம்பளமும் குறைந்தது. அன்று சாயங்காலம் அண்ணி திட்டவே இல்லை. நான்தான் போய்த் திட்டினேன்.

"நான் பொய் சொல்லிட்டா தம்பி, அப்புறம் எதத்தான் நம்புறது?" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய மனிதர்களோடு பழகிவிட்டேன். அவரைப் போல ஒருவரை நான் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது.