வேன் எதற்கு, நான் நடக்கிறேன்

சுங்குவார்சத்திரம்
7.11.1991

அன்பு மகள் பூர்ணிமாவுக்கு அப்பா ஏகாம்பரநாதன் மனமார ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு உன் அம்மாவும் நானும் சௌக்கியம். என் மூச்சு முன்னே பின்னே இருந்தாலும் மொத்தத்தில் அதுவும் சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கும் மாப்பிள்ளை சௌக்கியத்துக்கும் அம்மா தினமும் விளக்கேற்றுகிறாள்.

நிற்க. திங்கட்கிழமை வேன் எடுத்து வந்து என்னை வில்லிவாக்கத்தில் உன் வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்க வைக்கப் போவதாக எழுதியிருந்தாய். வேண்டாம். காஞ்சிபுரம் டாக்டரம்மா சொன்னதில் உன் அம்மா உனக்குப் பாதிதான் எழுதியிருக்கிறாள். நுரையீரல் பலவீனம், நெஞ்சு படபடப்பு என்பது முன்பாதி. அதற்காகப் படுத்துவிடாதீர்கள், தினமும் நடங்கள், பேச முடியாதபடி மூச்சு வாங்கினால் நின்று நாடி பாருங்கள், நூற்றுப்பத்தைத் தாண்டினால் உட்காருங்கள் என்பது பின்பாதி. பின்பாதியை நான் மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் செய்துவருகிறேன்.

ஆரம்பத்தில் கொஞ்சம் குழப்பம் ஆனது உண்மை. காலையில் ஹைவேஸில் நடக்கும்போது பர்லாங் கல்லுக்கு ஒரு தரம் நின்று, வலக்கை நாடியில் விரலை வைத்து, இடக்கை வாட்ச்சைப் பார்ப்பேன். அது நம் கம்பெனி ஆட்கள் சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போகிற நேரம். இருபத்தேழு வருஷம் டைம் ஆபீஸில் உட்கார்ந்து லேட்டு போட்ட ஆசாமி ரோட்டில் வாட்ச்சும் கையுமாக நின்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று மிதித்தார்கள். இரண்டு பேர் செயின் அறுந்து வாய்க்காலில் இறங்கினார்கள். நான் வேகமாகப் போகாதே என்று கையைக் காட்ட, அது சீக்கிரம் போ என்று சொன்னது மாதிரி ஆகி, மற்றவர்கள் இன்னும் வேகமாக மிதித்தார்கள். ஒரு வாரம் கம்பெனியில் ஒருத்தன் லேட்டு இல்லையாம்.

எட்டாம் நாள் யூனியன் செயலாளர் பகலவன் நாலு பேரோடு வழிமறித்தான். "இன்னா சார், ரிட்டயர் ஆயும் எங்கள வுட மாட்றீங்க? ரோட்ல நின்னு வேவு பாக்கறதுக்கு கம்பெனி இன்னா குடுக்குது?" என்றான். எனக்கோ மூச்சு வாங்குகிறது. நாடியைக் காட்டிக் கையை நீட்டினேன். அவன் பிடித்துப் பார்த்தான். என் வாட்ச்சைப் பார்த்தே எண்ணினான். "நூத்திப் பதினாலு சார். மொதல்ல ஒக்காருங்க" என்று தன் துண்டையே விரித்தான்.

அன்றிலிருந்து வேறு தொல்லை. நான் நாடி பிடித்து நின்றால் போதும், காஞ்சிபுரத்திலிருந்து வரும் கம்பெனி பஸ்ஸை டிரைவர் ராமன் நிறுத்திவிடுவான், ரெண்டு பேர் இறங்கி என்னை அலாக்காகத் தூக்கி சீட்டில் வைத்துவிடுவார்கள். வேண்டாம்டா, நடக்கணும்டா என்று சொல்வதற்குள் கேட் வந்துவிடும். கடைசியில் நானே ஏற்பாடு செய்துகொண்டேன். பஸ்ஸில் கேட் வரை போவது, அங்கிருந்து ஒன்றரை மைல் நடந்தே வீடு. நடுவில் டீக்கடை பெஞ்சு, சைக்கிள் கடை, மாரியம்மன் கோயில் என்று மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தால் நாடி தொண்ணூற்றெட்டில் நிற்கிறது.

ஒன்று சொல்கிறேன், அம்மாவுக்கு எழுதிவிடாதே. படுத்திருக்கும்போதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்கிறது, எண்ண ஆரம்பித்துவிடுகிறேன். நடந்தால் அது தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். என்னைக் கட்டிலில் போட்டால் ஆறு மாதம் தாங்க மாட்டேன், கண்ணு.

ஆகவே கவலையை விடு. உன் அம்மாவிடம் சொல்லாமல் நான் வாசலைத் தாண்டுவதில்லை. எந்தக் கிழமை எந்த வண்டி எங்கே போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மெட்ராஸ் பக்கம் தலைவைத்துப் படுப்பதாக இல்லை. வேனுக்குச் சொல்லியிருந்தால் இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடு.

நீயும் மாப்பிள்ளையும் நூறு வருஷம் மூச்சு வாங்காமல் வாழ ஏகாம்பரேஸ்வரர் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு உன் அப்பா,
ஏகாம்பரநாதன்

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. மூன்று நாள் மழையில் எனக்கு இழுத்ததால் அம்மா வெளியே விடவில்லை. இன்று காலை அவள் குளிக்கப் போன சமயம், தபால் பெட்டி வரைதானே என்று சொல்லாமல் கிளம்பினேன். நாடி பார்க்க நின்றேன், பஸ் வந்தது, ஏற்றிவிட்டார்கள். உள்ளே எல்லோரும் பட்டு வேட்டி, மல்லிகைப்பூ. நான் ரிட்டயர் ஆனதும் கம்பெனியில் ஒழுங்கே போய்விட்டது என்று நினைத்தபடி கண்ணசந்துவிட்டேன். திங்கட்கிழமை வார விடுமுறை என்று இருபத்தேழு வருஷம் போர்டில் எழுதிய கை இது. விழித்தால் அயனாவரத்தில் பகலவன் தங்கை கல்யாண மண்டபம். அங்கிருந்து உன் வீட்டுக்கு நடந்தே வந்தேன், நாலு இடத்தில் உட்கார்ந்தேன், நாடி நூற்றுநாலு. வீடு பூட்டியிருக்கிறது. என்னைக் கூட்டிவர நீ ஆறு மணிக்கே வேனில் போய்விட்டதாக எதிர்வீட்டு மெர்சி சொல்கிறாள். கடிதத்தைக் கதவிடுக்கில் செருகிவிட்டு உங்கள் தெருவைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். வந்ததும் வேனை அனுப்பிவிடாதே, நான் வீட்டுக்குப் போக வேண்டும்.