தாயம்மா உடும்பும் தொண்ணூற்றாறு சதவீதத் துணைவனும்

ஒரு காட்டில், சிங்கராஜா வீடியோ கேம் ஆடக் கற்றுக்கொண்ட வருஷத்தில், தாயம்மா என்றொரு உடும்பு கறையான் புற்று ஒன்றைத் தோண்டி, அதற்குள் பத்தொன்பது முட்டைகளை வைத்து, மண்ணைப் போட்டு மூடிவிட்டு, அப்பாடா என்று வெயில் காய உட்கார்ந்தாள். முழுசாக ஒரு மூச்சு விட்டிருப்பாள். அதற்குள் தாண்டவராயன் வந்து நின்றான்.

தாண்டவராயன் காட்டுப்பன்றி. எதைப் பார்த்தாலும் அது தன் குடும்பச் சொத்து என்று அவனுக்குத் தோன்றிவிடும். தோன்றியதைச் சொல்லவும் கூச்சப்பட மாட்டான்.

"இந்தப் புத்து எங்க தாத்தா முதுகு சொறிஞ்ச புத்து. நாளைக்கு வந்து தோண்டப்போறேன், காலி பண்ணிடு."

"அண்ணே, உள்ள முட்டை இருக்குண்ணே."

"எடுத்துட்டுப் போயேன். யாரு வேணாங்கறா?"

"பத்தொன்பது முட்டையப் புரளாம எப்படிண்ணே தூக்கறது? புரண்டா உள்ள இருக்கறது செத்துப்போயிடும். முத மழை விழுற வரைக்கும் பொறுத்துக்கங்க."

"மழை விழுந்தா கறையானெல்லாம் ஈசலாப் பறந்துடும். அப்புறம் நான் மண்ணையா திங்கறது?" என்றான் தாண்டவராயன்.

முன்பெல்லாம் இப்படி ஒரு தகராறு வந்தால் கொம்போ பல்லோ முடிவு செய்துவிடும். யார் பக்கம் நியாயம் என்று யாரும் கேட்க மாட்டார்கள், காலமும் வீணாகாது. ஆனால் ராஜா கேம் ஆட ஆரம்பித்ததிலிருந்து ஆணை வேறு. காட்டில் எந்த வழக்கானாலும் திரையில் 'மணிக்கோட்டை' ஆடித்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு கோட்டை, அதன் உச்சியில் ஒரு மணி. முதலில் மணி அடிப்பவருக்குத் தீர்ப்பு. கட்சிக்கு இரண்டு பேர் ஆட வேண்டும், ஒருவர் குறைந்தாலும் அந்தக் கட்சியின் வழக்கு தள்ளுபடி. ராஜாவுக்கு நீதி வழங்கிய மாதிரியும் ஆயிற்று, பொழுது போன மாதிரியும் ஆயிற்று.

தாயம்மாவின் வழக்கு வெள்ளிக்கிழமை காலைக்குப் போடப்பட்டது. தாண்டவராயன் பக்கம் துணைக்கு நரி. காட்டிலேயே நரியைப் போல ஜாய்ஸ்டிக் பிடிக்க ஆள் கிடையாது. தாயம்மா தன் உயிர்த்தோழன் அழுங்கு மாரப்பனிடம் போனாள். புற்றுக்குப் புற்று எறும்பு தின்று திரியும் அவனுக்குப் புற்றின் அருமை தெரியாதா என்று நம்பித்தான் போனாள்.

"வரணும்னு ஆசைதான் தாயம்மா. ஆனா தாண்டவராயன் மூஞ்சிய அப்புறமும் பாக்கணும்ல? நான் மனசால உன்கூடவே இருப்பேன், அத நீ மறந்துடாத" என்று சொல்லிவிட்டு மாரப்பன் பந்தாகச் சுருண்டுகொண்டான். சுருண்ட அழுங்கோடு பேசி ஜெயித்தவர் எவரும் இல்லை.

கடைசியில் அவள் அரசாங்கக் கவுண்டருக்குப் போனாள். துணையில்லாத கட்சிக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் துணைவன் இலவசம் என்று அங்கே பலகை தொங்கியது. 'வீரத்தோழன்: 96 சதவீதத்தினர் முழு திருப்தி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கவுண்டரில் இருந்தவர் எழுத்தர் தேவாங்கு. பெரிய கண்ணால் மனுவைப் பார்ப்பார், பிறகு மனு கொடுத்தவரைப் பார்ப்பார், பிறகு மறுபடி மனுவைப் பார்ப்பார். அரை நாள் கழித்து ஒரு அட்டையை நீட்டினார். தாயம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தொண்ணூற்றாறு சதவீதம்! நமக்கும் ஒருத்தன் இருக்கிறான் என்று அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பயிற்சித் திரைக்கு ஓடினாள்.

திரையில் வீரத்தோழன் பார்க்க ஜோராகத்தான் இருந்தான். அகன்ற தோள், இடுப்பில் வாள், முதுகில் வில்.

"கவலை வேண்டாம் நண்பா! உன் உயிருக்கு என் உயிர் காவல்!" என்று முழங்கினான். முழங்கிவிட்டு நேராகப் போய் ஒரு சுவரில் முட்டி, அங்கேயே நடந்துகொண்டிருந்தான்.

தாயம்மா தனியாகப் போனாள். காவலாளிகள் உறங்கும் முற்றத்தை ஓசையில்லாமல் கடந்துகொண்டிருந்தபோது, எப்படியோ சுவரிலிருந்து விடுபட்டு வந்த வீரத்தோழன், "பதுங்கிச் செல்வோம் நண்பா!" என்று அண்டம் அதிரக் கத்தினான். அத்தனை காவலாளிகளும் எழுந்துகொண்டார்கள். உடம்பெல்லாம் அம்பு தைத்து, ஒரு சொட்டு உயிரோடு அவள் மருந்துக் குடுவையை நோக்கி ஊர்ந்தாள். ஒரு கீறல்கூடப் படாத வீரத்தோழன் அவளைத் தாண்டிக் குதித்து அந்தக் குடுவையை எடுத்து மடமடவென்று குடித்தான். "ஆகா, புத்துணர்ச்சி!" என்றான். அவள் செத்து விழுந்தபின் அவள்மேல் ஏறி நின்றுகொண்டு, "நண்பா, எங்கே இருக்கிறாய்?" என்று தேடினான்.

புதன்கிழமை பூராவும் இதே கதை. ஒரு தடவை அவள் கதவைத் திறக்கச் சொன்னாள். அவன் கதவைத் தவிர அந்த அறையில் இருந்த எல்லாவற்றையும் திறந்தான்.

வியாழன் காலையில் தாயம்மா மறுபடி கவுண்டர் வரிசையில் நின்றாள். நாக்கு வறண்டு பிளந்து கிடந்தது. உடும்புக்கு அது எப்போதும் அப்படித்தான் என்றாலும் அன்றைக்குக் கூடுதலாகவே வலித்தது.

"சார், இந்தத் துணை சரியில்ல. எனக்கு ஒரு ஒத்தாசையும் பண்ண மாட்டேங்குது."

"எதிரிக்கு ஏதாச்சும் ஒத்தாசை பண்ணுச்சா?" என்று தேவாங்கு கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப அது நல்ல துணைம்மா. எதிரிக்கு உதவி பண்ணாத்தான் 'சுமார்'னு போடுவோம்."

"அப்படின்னா அந்தத் தொண்ணூத்தாறு பேரு யாரு சார்? அவங்க எப்படித் திருப்தியா இருக்காங்க?"

தேவாங்கு பொறுமையாக விளக்கினார். "இதோட ஆடினவங்க எல்லாம் தோத்துப்போனாங்க. தோத்தவன்கிட்ட போய்க் கருத்துக் கேட்டா கோவத்துல கண்டபடி பேசுவான், கணக்கு தப்பாயிடும். அதனால ஜெயிச்ச கட்சிக்காரங்ககிட்ட கேட்டோம். அவங்கதான் நிதானமா பதில் சொன்னாங்க. நூத்துக்குத் தொண்ணூத்தாறு பேர், வீரத்தோழன் ஆடின விதம் ரொம்பப் பிடிச்சிருந்ததுன்னு எழுதிக் குடுத்திருக்காங்க."

அப்போது தாயம்மாவின் பின்னால் ஒரு உறுமல் கேட்டது. தன் துணையின் பெயரைப் பதிவு செய்யத் தாண்டவராயன் வந்திருந்தான். வந்தவன் எழுத்தர் சொன்னதில் எதையும் காதில் வாங்கவில்லை. பலகையைத்தான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"தொண்ணூத்தாறா? இலவசமாவா?"

"ஆமா" என்றார் தேவாங்கு. "ஆனா கையிருப்புல இருந்த ஒண்ணையும் இந்தம்மா வாங்கிட்டாங்க. இவங்க விட்டுக் குடுத்தா நீங்க எடுத்துக்கலாம்."

தாண்டவராயன் தாயம்மா பக்கம் திரும்பினான். குரல் தேனாகிவிட்டது. "தங்கச்சி, அந்த நரிப்பய பாதிப் புத்து கேக்கறான்மா. இது ஒண்ணும் கேக்காதுல்ல? ஆளு எப்படி, நல்லா ஆடுமா?"

தாயம்மா பொய் சொல்லிப் பழகாதவள். 'அண்ணே, அது சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கும்' என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். அப்போது இருட்டுப் புற்றுக்குள் அசையாமல் கிடக்கும் பத்தொன்பது முட்டைகள் கண்முன் வந்தன. திறந்த வாயை அப்படியே வேறு பக்கம் திருப்பினாள்.

"அதப் பத்தி என்னத்தண்ணே சொல்றது! கூடவே இருக்கும். ஒரு நிமிஷம் நம்மள விட்டு அகலாது. அதப் பிரியணும்னு நெனச்சாலே எனக்கு அழுகையா வருது" என்றாள். அழுகை உண்மையாகவே வந்தது.

தாண்டவராயன் பதிவேட்டில் நரியின் பெயருக்குப் பதிலாக வீரத்தோழன் என்று எழுதச் சொன்னான். அட்டையைத் தாயம்மாவின் கையிலிருந்து கிட்டத்தட்டப் பிடுங்கிக்கொண்டுதான் போனான். நரிக்குச் சேதி தெரிந்ததும் இரண்டு கட்சியையும் திட்டிவிட்டு அடுத்த காட்டுக்குக் கிளம்பிவிட்டது.

"உங்க துணைக் கட்டம் காலியா இருக்கும்மா" என்று தேவாங்கு நினைவூட்டினார். "காலியா இருந்தா வழக்கு தள்ளுபடி."

"துணைன்னா யாரு வேணாலும் இருக்கலாமா சார்?"

தேவாங்கு சட்டப் புத்தகத்தை எடுத்து, தூசி தட்டி, கண்ணை இன்னும் பெரிதாக்கிப் படித்தார். "உசுரு இருக்கணும், இல்லாட்டி கரண்டுல ஓடணும். அவ்வளவுதான் போட்டிருக்கு."

"வயசு?"

"வயசு ஒண்ணும் போடல."

"அப்படின்னா என் முட்டையில ஒண்ண எழுதிக்கங்க சார்."

"பேரு?"

"இன்னும் பொரியல சார்."

"அப்பா பேரு?"

"அந்தாளு இந்தப் பக்கம் வர்றதில்ல."

தேவாங்கு 'முட்டை, 1' என்று எழுதி முத்திரை குத்தினார். தன் பணியில் இதுவரை இப்படி ஒரு மனு வந்ததில்லை என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

வெள்ளிக்கிழமை காலை தாயம்மா புற்றின் ஓரத்தைக் கீறி, ஒரே ஒரு முட்டையை எடுத்தாள். மேல்பக்கம் மேலேயே இருக்கும்படி வாயில் கவ்விக்கொண்டு, மைதானம் வரைக்கும் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி நடந்தாள். இலைமெத்தை போட்டு, ஜாய்ஸ்டிக்குக்குப் பக்கத்தில் முட்டையை வைத்தாள். காடே விழுந்து விழுந்து சிரித்தது. சிங்கராஜாகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. முட்டையின் வீரன் கிளம்பிய இடத்திலேயே நின்றான். கத்தவில்லை, முன்னால் பாயவில்லை, மருந்தைத் தொடவில்லை. தாயம்மா உறங்கும் காவலாளிகளை ஒவ்வொருவராகக் கடந்தாள். ஒருவன்கூட விழிக்கவில்லை. அடிபட்டபோது மருந்து வைத்த இடத்தில் மருந்து இருந்தது. ஒரு துணை இவ்வளவு நிம்மதி தரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

தாண்டவராயன் அதற்குள் கோட்டை வாசலையே எட்டிவிட்டான். அவன் வேகத்துக்கு அவள் எந்த மூலை! ஒடுங்கிய சுழல் படிக்கட்டில் தடதடவென்று ஏறினான். அது தப்பான படிக்கட்டு, மேலே கதவு அடைத்திருந்தது. சரிதான் என்று திரும்பினான். இரண்டு படி கீழே வீரத்தோழன் வழியை அடைத்துக்கொண்டு நின்றான்.

"வழி விடுடா!"

"அஞ்சாதே நண்பா! நான் உன் பின்னால்தான் இருக்கிறேன்!"

"பின்னாலதான்டா பிரச்சனை, தள்ளு!"

தள்ள முடியாது. வெட்டினால் சாக மாட்டான். அரசாங்க உடைமை.

தாயம்மா வெளிச்சுவரில் பிடித்துப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தாள். சுவரைப் பிடித்தால் விடாத ஜாதி அவள். படிக்கட்டுச் சாளரம் வழியாக அவளைப் பார்த்த தாண்டவராயன் வில்லை எடுத்து நிதானமாகக் குறிவைத்தான். தப்ப வழியே இல்லை. அவள் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்தில் இருந்த முட்டையைத்தான் பார்த்தாள்.

"எதிரி அங்கே!" என்று சுட்டிக்காட்டக் குறுக்கே பாய்ந்தான் வீரத்தோழன். விட்ட அம்பு அவன் முதுகில் தைத்தது. அரசாங்க உடைமையைச் சேதப்படுத்தியதற்காகத் தாண்டவராயனின் வில் நூறு எண்ணும்வரை பறிமுதல் என்று திரையில் எழுத்து வந்தது. எழுபத்திரண்டு எண்ணுவதற்குள் மணி அடித்துவிட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தாய்ப்பாசம் வெல்லும் என்று ஏதாவது சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

முட்டையைப் புரளாமல் பழைய இடத்திலேயே வைத்து மூடிவிட்டுத் தூங்கிய தாயம்மா மறுநாள் காலை கண் விழித்தபோது புற்றின் முன்னால் வரிசை நின்றது. முயல், மிளா, மந்தி, கீரி என்று வழக்கு வைத்திருந்த அத்தனை பேரும் வந்திருந்தார்கள். டோக்கன் எண்கூட அவர்களே போட்டுக்கொண்டார்கள். வரிசையில் முதல் ஆள் மாரப்பன்.

"தாயம்மா, எனக்கும் ஒரு வழக்கு இருக்கு. ஒரே ஒரு நாளைக்கு ஒரு முட்டை குடு. பத்திரமா உருட்டிக்கிட்டு வந்து திருப்பித் தந்துடறேன்" என்றான்.

உருட்டிக்கொண்டு! ஒரு தாண்டவராயனிடமிருந்து காப்பாற்றிய முட்டைகளை ஊரே ஆளுக்கொன்றாகக் கேட்கிறது. மாட்டேன் என்று சொன்னால் தோண்டி எடுத்துக்கொள்ளும் கூட்டம் அது. அவள் புற்றின் உச்சியில் ஏறி நின்றாள்.

"முட்டை என்ன பண்ணுச்சு, நீங்களே பாத்தீங்கல்ல? வச்ச எடத்துல இருந்துச்சு. நான் ஜெயிச்சது வீரத்தோழனாலதான். அந்தப் புள்ள மட்டும் இல்லேன்னா இன்னிக்கு இந்தப் புத்து என்னோடது இல்ல. என் முட்டை மேல சத்தியம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வரிசை சலசலத்தது. மாரப்பன் மட்டும் கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "நாம பழகின பழக்கத்துக்குக் கேக்கறேன். நெசமாவே நல்லா இருக்குமா?" என்றான்.

தாயம்மா தன் தோழனின் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பாவமாகத்தான் இருந்தது.

"கூடவே இருக்கும் மாரப்பா" என்றாள்.

மொத்த வரிசையும் கவுண்டரை நோக்கி ஓடியது. பதினோராம் நாள் முதல் மழை விழுந்தது. ஈசல் பறந்த வழியாகவே பத்தொன்பது குட்டிகளும் வெளியே வந்தன.

நீதி: உதவாத துணையை ஒருநாளும் குறை சொல்லாதீர்கள். பிறகு அதை உங்களிடமிருந்து யார் வாங்கிக்கொள்வார்கள்?