மூண்டு மாப்பிள்ளையும் ஒரு கோட்டும்

கண்ணகை அம்மன் துணை

இன்டர்லாக்கன்,
சுவிஸ்.
1995 ஐப்பசி, திங்கட்கிழமை.

பெருமதிப்புக்குரிய கனகசபை மாமாவுக்கும், கமலாவதி மாமிக்கும், வீட்டில உள்ள அனைவருக்கும் மருமகன் நித்தியானந்தன் பணிவோடு எழுதிக்கொள்வது. நான் இஞ்ச அம்மன் காவலில முழங்கால் நோவைத் தவிரச் சுகம். அதுபோல உங்கட சுகமும், மாமிட கை நோவும், வயலும், அந்த வெள்ளைப் பசுவும் எப்பிடி எண்டு அறிய ஆவல்.

மாமா, உங்கட கடிதம் கொழும்பு சுத்தி, ஆரோ உடைச்சு ஆரோ ஒட்டி, ஒருமாதிரி வந்து சேந்திச்சு. எனக்கு எழுத்து, பேர் எழுதிக் கையொப்பம் வைக்கிற அளவுக்குத்தான் வரும் எண்டது உங்களுக்குத் தெரியும். வாத்தியார்ட மாடு அறுத்துக்கொண்டு ஓடினதெண்டு தேடிப் பிடிக்கப் போனவன், மாடு அம்பிட்டும் நான் பள்ளிக்கூடம் திரும்பேல்ல. அதால இதை நான் சொல்லச் சொல்ல எழுதிறது என்னோட ஒரே அறையில இருக்கிற மதிவதனன். ஓம் மாமா, அந்த மதிவதனன்தான், தரகர் உங்கட மகள் கஜேந்தினிக்கெண்டு கொண்டு வந்து தந்த மூண்டு மாப்பிள்ளைப் படத்தில ஒண்டு இவன்ட. என்ன செய்யிற, இந்த ஹோட்டல் குசினியில தமிழ் எழுதத் தெரிஞ்ச ஆள் வேற இல்ல, மிச்சம் எல்லாம் போர்த்துக்கல்காரர். மத்தியானச் சமையல் முடிஞ்சு இரவுச் சமையல் துவங்க முதல் சிம்மர்ஸ்டுண்டை எண்டு கொஞ்ச நேரம் ஆறுறதுக்கு விடுவினம், அந்த நேரத்திலதான் எழுதிறம். நான் இருந்தும் எழும்பியும் சொல்லுறன், இவன் ஒரு இடத்தில இரு எண்டு ஏசுறான். இருக்க முடியேல்ல மாமா. உங்கட கடிதம் வந்த நாள் தொட்டு எனக்கு ஒரு இடத்தில இருப்பு வருகுதில்ல.

நீங்கள் எழுதினது நியாயம். மூண்டு படத்தையும் பாயில வரிசைக்கு வைச்சுப் பாத்த உடன மாமிதானாம் கண்டுபிடிச்சது, மூண்டு பேரும் போட்டிருக்கிறது ஒரே நீலக் கோட்டு, ஒரே கழுத்துப்பட்டி, சாஞ்சு நிக்கிறது ஒரே சிவத்தக் காரில, இடுப்படியில கண்டுக்குட்டி அளவில ஒரே நாய். மலையும் ஒண்டுதான், அது கடவுள் வைச்ச மலை, அதுக்கு ஆரும் பொறுப்பில்ல. இந்த மூண்டு பேரும் ஒரு தாய் பிள்ளையளோ எண்டு கேட்டிருந்தீங்கள், தரகர் இல்ல எண்டு சத்தியம் பண்ணினாராம். சுவிசில எங்களுக்கு இருக்கிற ஒரே சொந்தம் நீதான், விசாரிச்சு எழுது எண்டு எழுதி, கடைசியில இப்பிடியும் எழுதிப்போட்டீங்கள்: "கோட்டும் காரும் நாயும் ஆர்டயோ, அந்த ஆளைக் கண்டுபிடி. குடுத்தா அவருக்குத்தான் கஜேந்தினியைக் குடுப்பம்." அதை இவன் வாசிச்ச உடன எனக்குத் தண்ணி விடாய் எடுத்திச்சு.

சரி, விசாரிக்கச் சொன்னீங்கள், விசாரிச்சன். முதல்ல வினோதன். தங்கமான பொடியன். நொஷாட்டலில வயசு போன ஆக்களைப் பராமரிக்கிற இடத்தில வேலை, குளிப்பாட்டித் தலை இழுத்துச் சோறு தீத்தி விடுவான், அங்க ஒரு கிழவி சாகக்குள்ள தன்ட பூனையை இவனுக்கெண்டு விட்டிட்டுப் போயிருக்கு எண்டாப் பாருங்கோ. பிரெஞ்சு தண்ணி மாதிரி. கோவம் வந்தா பிரெஞ்சு மட்டும்தான், தமிழ் வாயில வராது. நாளைக்கு மாமியோட ஏதும் கதை வளந்தா மாமி என்னத்தை விளங்கி என்ன மறுமொழி சொல்லுற எண்டு யோசிச்சன், வேற ஒண்டும் இல்ல. மறுகா இரவீந்திரன். அவனும் தங்கம். லா ஷோ-து-ஃபோன் எண்டு மலைக்கு மேல ஒரு ஊர், அங்க மணிக்கூட்டுத் தொழிற்சாலையில கண்ணுக்குத் தெரியாத ஆணியெல்லாம் பூட்டிறான். அந்தப் பழக்கத்தில சோத்தையும் பருக்கை பருக்கையாப் பாத்துத்தான் வாயில வைப்பான், அவன் கை கழுவ எழும்பக்குள்ள மற்ற ஆக்களுக்கு அடுத்த நேரப் பசி வந்திடும். உலகத்துக்கு மணிக்கூடு பூட்டிறவன், படமெடுக்க வாடா எண்டா வெயில் மலைக்குப் பின்னால போன பிறகுதான் ரெயிலால இறங்குவான். மூண்டாவது மதிவதனன். அவர் மிகவும் நல்லவர், பண்பானவர், சிக்கனமானவர், பெரியோரை மதிப்பவர். மாமா, நான் நல்லவன் எண்டு மட்டும்தான் சொன்னனான். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் என்னத்தையடா எழுதிறாய் எண்டு வாசிப்பிச்சுப் பாத்தா இப்பிடிக் கிடக்கு. வெட்டடா எண்டன், வெட்டினாக் கடிதம் வடிவில்லையாம். நீங்கள் மனசால வெட்டிப்போட்டு வாசியுங்கோ.

இனிக் கோட்டு. கோட்டுக்குப் போக முதல் கமராவுக்குப் போகவேணும், கமராவுக்குப் போக முதல் ஜப்பான்காரருக்குப் போகவேணும். இந்த ஊருக்கு மலை பாக்க வாற சனத்தில ஜப்பான்காரர் கனபேர். நான் கோப்பை கழுவிற மெசினடியால வெளிய வந்து பின்வாசலில ஒரு சிகரட் பத்த வைச்சா, உடன ஒரு குடும்பம் வரும், குனிஞ்சு கும்பிட்டுத் தங்கட கமராவை என்ட கையில தந்திட்டு மலையைப் பின்னால வைச்சு வரிசைக்கு நிண்டிடும். நானும் அமத்தி அமத்திக் குடுத்தன். அந்தச் சனத்துட பிலிமிலதான் மாமா நான் தொழில் படிச்சது. எந்த நேரம் வெயில் முகத்தில விழும், எந்த நேரம் மூக்கு நிழல் வாயில விழும், பொம்பிளையள எங்க நிப்பாட்டினா சிரிப்பினம், எல்லாம் அதில வந்ததுதான். எத்தினையோ ஜப்பான் வீட்டுச் சுவரில என்ட படம் தொங்கும், ஆர் எடுத்ததெண்டு ஒரு சுவருக்கும் தெரியாது. பிறகு புறோக்கன்ஹவுஸ் எண்டு, செத்த ஆக்கள்ட வீட்டுச் சாமான் விக்கிற கடையில ஒரு பழைய கமரா வாங்கினன். கமராவுக்குப் பக்கத்தில அந்த நீலக் கோட்டு தொங்கினது. அதையும் வாங்கினன்.

விளங்கியிருக்கும் மாமா. அந்த மூண்டு படமும் எடுத்தது நான்தான். கோட்டும் என்டதான். கழுத்துப்பட்டியில ஆருக்கும் முடிச்சுப் போடத் தெரியாது, கடைக்காரன் போட்டுத் தந்த முடிச்சை அவிழ்க்காமல் தலையால கொழுவிறம், அதுதான் முடிச்சும் ஒண்டாக் கிடந்தது. இடுப்புக்குக் கீழ நான் எடுக்கிறதில்ல, ஏனெண்டா கீழ எல்லாரும் குசினிச் சதுரக் களிசானோட நிப்பாங்கள். கார் மட்டும் எங்கட செஃப்ட, அதில நான் பொய் சொல்லமாட்டன். பெரிய சமையல்காரர், ஞாயிறு பின்னேரம் காரைக் கழுவி ஹோட்டலுக்குப் பின்னால விடுவார், சாய விடுங்கோ எண்டு கேக்க, தன்ட நாயையும் சேத்து எடுத்தாச் சாயலாம் எண்டிட்டார். மறுகா அந்த நாய்க்குப் பழகிப் போச்சு. கமரா உறையைத் திறந்தாக் காணும், எங்க கிடந்தாலும் வந்து இருந்திடும். மாப்பிள்ளைமார் கண் வெட்டினாலும் அது வெட்டாது.

இதைப் பகிடியெண்டு நினைக்காதையுங்கோ, இதுதான் இப்ப என்ட சீவியம். கோப்பை கழுவிக் கழுவிக் கை வெளுத்துப் போச்சு, படப்பிடிப்பையே தொழிலாச் செய்வமெண்டு கிமைண்டை எண்ட ஊர்க் கந்தோருக்கு அனுமதி கேக்க இவனையும் மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனன். அங்க ஒரு கண்ணாடி போட்ட மனுசி, நல்ல மனுசி, ஒண்டே ஒண்டுதான் கேட்டா. "ஒருக்கா வந்த ஆள் மறுகா ஏன் உங்களிட்ட வரவேணும்?" நான் சொன்னன், அம்மா, கலியாணமாகாத பொடியன் எங்களுக்கு விதைநெல்லு. இண்டைக்கு அவனை ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பினா, அது முளைச்சுக் கலியாணப் படமா வரும். அதில இருந்து பிள்ளை பிறந்து முப்பத்தொண்டாம் நாள், பிறந்தநாள், காதுகுத்து, பொம்பிளைப் பிள்ளை பெரிசானாச் சாமத்தியக் கலியாணம், அந்தப் பிள்ளைட கலியாணம் எண்டு நான் சாகுமட்டும் அறுவடை. இவன் அதை டொச்சுப் பாசையில சொல்ல அந்த மனுசி சிரிச்சா. மறுகா கேட்டா, "அந்தப் பொடியனுக்குக் கலியாணம் சரிவராட்டி?" எந்தப் போகத்துக்குத்தான் உத்தரவாதம் இருக்கு எண்டு வெளிய வந்தபிறகுதான் வாயில வந்திச்சு.

அந்த அறுவடையை நம்பித்தான் ஹோட்டல் வேலையை மார்கழியோட விடுறன் எண்டு இவனைக் கொண்டு எழுதிப்பிச்சு, செஃப்ட கையில குடு எண்டு இவனிட்டயே குடுத்தும் விட்டன். செஃப் இதுவரைக்கும் என்னட்ட ஒரு சொல்லும் கதைக்கேல்ல. மனுசனுக்குக் கவலை போல. இப்பப் பாத்தா உங்கட கடிதம். நீங்கள் மூண்டு படத்தையும் தரகர்ட முகத்தில எறிஞ்சா, அவர் சுவிஸ் படமெல்லாம் கள்ளப் படம் எண்டு ஊருக்கூர் சொல்லுவார், என்ட விதைநெல்லு முழுக்கச் சாக்கோட திரும்பி வரும். இஞ்சயும் கதை பரவியிட்டுது. போன ஞாயிறு படமெடுக்க வாறன் எண்ட பொடியனொருத்தன் வரேல்ல. நானும் நாயும் பின்வாசலில பாத்துக்கொண்டு நிண்டம். வேலையும் இல்லாமல் தொழிலும் இல்லாமல் போனா, இந்தக் குளிரில நான் எங்க போய் நிக்கிற? இப்பவும் எழும்பி யன்னலடிக்குப் போயிட்டுத்தான் வந்தன். மலை இருக்குது. எனக்குத்தான் இருக்க முடியேல்ல.

இன்னுமொண்டு. உங்கட கடிதத்தில ஓரத்தில ஒரு வரி, நீங்கள் சும்மாதான் எழுதியிருப்பீங்கள்: "படம் எடுத்த ஆள் ஆரெண்டு கஜேந்தினி கேக்கிறா, மூண்டு பேர்ட முகத்திலயும் வெளிச்சம் நல்லா விழுந்திருக்காம்." மாமா, ஜப்பான்காரன் கேக்கேல்ல. மாப்பிள்ளைமார் கேக்கேல்ல. கந்தோர் மனுசியும் கேக்கேல்ல. அந்த வெளிச்சத்தை ஒரு சீவன் கண்டிருக்கு, அதுவும் அங்க ஆரையம்பதியில இருந்துகொண்டு.

ஆனபடியா நித்தியானந்தன் எண்ட பொடியனையும் நான் விசாரிச்சன். சொத்து ஒரு கோட்டு, ஒரு கமரா. படிப்பு இல்ல. குடிக்கமாட்டான், பெருநாளுக்கு மட்டும். குறையெண்டு கேட்டா, ஒரு இடத்தில இருக்கமாட்டான், கதை சொல்லத் துவங்கினா மாடு தேடப் போன கதை மாதிரி எங்கயோ போயிடுவான். நான் என்ட வாயால எனக்குப் பொம்பிளை கேக்கேல்ல. கோட்டுக்காரனைக் கண்டுபிடி எண்டு நீங்கள்தான் எழுதினீங்கள், விசாரிச்சுக்கொண்டு போக ஆள் நானெண்டு வந்திட்டுது. அதுக்கு நான் என்ன செய்யிற? இவ்வளவு காலமும் கமராவுக்குப் பின்னால நிண்டதால என்னட்ட என்ட படமெண்டு ஒண்டும் இல்ல. நேற்று இவனைக் கொண்டு ஒரு பிலிம் முழுக்க எடுப்பிச்சன், கோட்டோட, காரோட, முகம் தெளிவா. நாளைக்குக் கழுவி வரும். நாளைக்கு நான் விடிய இருந்து மெசினடியில, அதால நல்லதா ஒண்டைத் தெரிஞ்சு இதோட வைச்சு அனுப்பச் சொல்லியிருக்கிறன். அதைக் கஜேந்தினியிட்டக் காட்டுங்கோ. இனிமேல் கோட்டை ஒருத்தருக்கும் இரவல் குடுக்கமாட்டன், இது அம்மன் மேல ஆணை.

மழை தப்பாமல் பெய்யவும், வெள்ளைப் பசு கண்டு போடவும், மாமிட கை நோவு இறங்கவும், நல்ல மறுமொழி ஒண்டு உடையாத உறையில வந்து சேரவும் கண்ணகை அம்மனை வேண்டி, இத்தோட நிப்பாட்டிறன். இவனுக்குக் கை உளைஞ்சு போச்சாம்.

இப்படிக்கு,
உங்கட அன்பு மருமகன்
நித்தியானந்தன்

பி.கு.: மாமா, மாமிக்கு வணக்கம். இது மதிவதனன், என்ட பாட்டில எழுதிறன். அவர் மெசினடியில நிக்கிறார். படம் கழுவி வந்திட்டுது. நான் ஒவ்வொருக்கா அமத்தக்குள்ளயும் அவர், வெயில் பிழை, கையைக் கொஞ்சம் உயத்து, எண்டு என்னட்ட ஓடி வந்துகொண்டு இருந்ததால ஒரு படத்தில முழங்கை மட்டும் இருக்கு, ஒரு படத்தில கார் மட்டும். ஆகத் திறமானதைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறன். அதில தலை இல்ல. கழுத்துப்பட்டிக்கு மேல வெள்ளை மலை நிக்குது. உங்களிட்ட இருக்கிற மூண்டு படத்துக்கும் பக்கத்தில வைச்சுப் பாருங்கோ, கோட்டு அதே கோட்டு, கார் அதே கார், நாய் அதே நாய், மாமி நாயைக் கண்ட உடன பிடிச்சிடுவா. அந்த மூண்டிலயும் தலைதான் மாறி மாறி வரும். இதில மாறுறதுக்குத் தலையே இல்ல, அதால கோட்டுக்காரன் இவர்தான் எண்டு நீங்கள் தயங்காமல் நம்பலாம். வேலையை விடுறன் எண்ட கடிதத்தை நான் செஃப்பிட்டக் குடுக்கேல்ல. அது கோட்டின்ட உள்பொக்கற்றுக்க பத்திரமாக் கிடக்கு, உங்கட மறுமொழியைப் பாத்துத்தான் குடுக்கிறதா கிழிக்கிறதா எண்டு யோசிப்பன். இரவல் குடுக்கமாட்டன் எண்டு ஆணையிட்ட கோட்டை வாற ஞாயிறு வேறொரு பொடியனுக்கெண்டு இண்டைக்குக் காலமை அவரே தூசி தட்டி வைச்சிருக்கிறார். உங்கட மகள் கேட்ட அந்த வரியை ஒவ்வொரு நாளும் என்னைக் கொண்டு வாசிப்பிக்கிறார், மனுசன் நல்லவர், அதில நான் மிகவும் எண்டு சேக்கேல்ல. மற்றும்படி, என்ட படத்தில தலை இருக்கு எண்டதை மட்டும் பணிவோடு ஞாபகப்படுத்திறன்.