இருபத்தாறு பாதிகள்

படிக்காதவர்கள் தவறு செய்தால் கொஞ்சம்தான் நஷ்டம். முழு நஷ்டத்துக்குப் படிப்பு வேண்டும். நான் எம்.பி.ஏ. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள்.

அந்தப் படிப்புக்கு வாங்கிய கல்விக் கடனுக்கு மாதத் தவணை ஆறாயிரத்து நானூறு. மறைமலை நகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. ஊரப்பாக்கத்தில் மாடியில் ஒற்றை அறை. அறைக்குத் திரும்பினால் மறுநாள் காலைவரை பேச ஆள் கிடையாது. (கீழ்வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதைக்கூட நிறுத்திவிட்டது.) அப்படி ஒரு சாயங்காலம் செல்போனில் அந்த வீடியோவைப் பார்த்தேன். மாதாமாதம் முழுத் தவணை கட்டாதீர்கள், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாதி கட்டுங்கள் என்றார் ஒருவர். வருடத்துக்கு இருபத்தாறு பாதி, அதாவது பதின்மூன்று தவணை. கடன் சீக்கிரம் தீரும்.

கணக்கு சரிதான். (இன்றைக்கும் சரிதான்.) ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி கடன் கணக்குக்கு மூவாயிரத்து இருநூறு அனுப்பினேன். அனுப்பிய கையோடு ஸ்டேஷன் ரோட்டில் ஒரு முட்டை பப்ஸ் வாங்கித் தனியாகக் கொண்டாடினேன். யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரித்தால் எனக்குத் தெரியாது என்பது தெரிந்துவிடும்.

எங்கள் வங்கியோ நான் அனுப்பிய பாதிகளை உபரி என்று அசலில் கழித்துவிட்டு, ஐந்தாம் தேதி முழுத் தவணையையும் என் சம்பளக் கணக்கில் எடுக்கப் பார்த்தது. அங்கே அவ்வளவு இல்லை. மூன்று மாதம் இப்படியே அபராதம். (ஐந்நூறு ஐந்நூறாகக் குறைந்ததை ஏதோ வரி என்று நினைத்தேன். கணக்குப் பிரிவு.) எச்சரிக்கை எஸ்.எம்.எஸ். எல்லாம், கடன் வாங்கியபோது நான் கொடுத்திருந்த அப்பாவின் நம்பருக்குப் போயின. அப்பா கொத்தனார், படிக்கத் தெரியாது. மகள் ஒழுங்காகக் கட்டுகிறாள், வங்கி வாழ்த்து அனுப்புகிறது என்று நினைத்திருக்கிறார்.

பிறகு அவருக்கு போன் போனது: உங்கள் பெண் மூன்று மாதமாகக் கட்டவில்லை. மறுநாளே வேலைக்குப் போகாமல், திண்டிவனத்தில் பஸ் ஏறி, நேராகத் தாம்பரத்தில் இருக்கும் வங்கிக்கே வந்துவிட்டார். அம்மா போனில் சொல்ல, நான் அரைநாள் லீவு சொல்லி ஓடினேன். வாசலிலேயே அவர் குரல் கேட்டது.

"எம்பொண்ணு எம்.பி.ஏ. சார். கட்டலன்னா கட்டலன்னு சொல்லும். உங்க மிஷின நல்லா பாருங்க."

மேனேஜர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். இரண்டாவது வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. அப்பா மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, நான் அந்த மனிதரை மடக்கப்போகும் நொடிக்காகக் காத்திருந்தார்.

"மிஷின் சரிதாம்பா. நான்தான் தப்பு பண்ணிட்டேன்."

யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார் மேனேஜர். (யாரிடம், அந்த நாயிடமா?) அப்பா, மேஸ்திரியிடம் முன்பணமாக வாங்கி வந்த நோட்டுகளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வெளியே வந்து டீயில் பாதியைக் குடித்தார். பிறகு, "பாதி பாதியாவா கட்டின?" என்று கேட்டார். கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை.

இப்போதெல்லாம் ஊருக்குப் போனால் அம்மா அரைத் தோசையைத் தட்டில் போட்டு, மீதி இரண்டு வாரம் கழித்து என்கிறாள். அப்பா மாதாமாதம் நான்காம் தேதி சாயங்காலம் தவறாமல் கூப்பிடுகிறார்.

"நாளைக்கு அஞ்சாந்தேதி. பாதியா, முழுசா?"

"முழுசுப்பா."

அப்புறம் சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று பத்து நிமிடம் ஓடும்.

கடன் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.