மேல் வீட்டுச் சுருதி

வயலின் முறுக்காணி மறுபடியும் வழுக்கியது. ஏற்றிவைத்த தந்தி ‘டொய்ங்’ என்று தொங்கிவிட்டது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சாயங்காலம் மனைவிக்குப் பிறந்தநாள். ஒரே ஒரு பாட்டு வயலினில் வாசித்துக் காட்டுவதாக வாய் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

“வாசிச்சா சந்தோஷம். இல்லேன்னா நாளைக்கு அந்தப் பெட்டி பரணுக்குப் போயிடும்,” என்று அவளும் சொல்லிவிட்டாள்.

கல்யாணமானதிலிருந்து அவளுக்குப் படிக்கிற கண்ணாடியைத் தவிர எதையும் அவர் தன் கையால் செய்து கொடுத்ததில்லை. அந்த உறுத்தல் நிஜமாகவே இருந்தது. பாட்டு விரலுக்கு ஒருவாறு பழகிவிட்டது. சுருதிதான் சேருவேனா என்றது.

“போன்லயே சுருதி காட்டுதாமே. அதைப் பாத்து வையுங்களேன்,” என்றாள் மனைவி.

“மெஷினை மட்டும் நம்பி நான் யாருக்காவது கண்ணாடி போட்டிருக்கேனா? மேல் வீட்டுக்கு ஒரு வயலின் வித்வான் குடி வந்திருக்காரு. என்ன கம்பீரமான வாசிப்பு! தினம் அவரோடதான் சேக்கறேன்.”

மேலேயிருந்து ஒற்றைச் சுரம் நீளமாகக் கேட்டது. இவர் காதைத் தீட்டிக்கொண்டு முறுக்கினார். எப்படியும் இறங்கிவிடும் என்று மயிரிழை கூடுதலாகவே ஏற்றி, வில்லை இழுத்தார். கடைப் பழக்கம் விடவில்லை.

“இது நல்லா இருக்கா, முன்னாடி இருந்தது நல்லா இருக்கா?”

“நடுவுல நிறுத்தினீங்களே, அது நல்லா இருந்துச்சு.”

மேலே சுரம் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“பாத்தியா! நம்மளுது இறங்கிப் போச்சு!”

வழுக்காமலிருக்க, கண்ணாடி துடைக்கும் துணியில் ஒரு துண்டு கிழித்து முறுக்காணியில் சுற்றிச் செருகினார். அது அசையாமல் இறுகிக்கொண்டது. துணியைப் பிடுங்கிவிட்டு, கண்ணாடிக் கீலுக்கு விடும் எண்ணெயை விட்டார். இப்போது மின்விசிறி மாதிரி சுற்றியது. ஆத்திரத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். முறுக்காணி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

“அப்பாடா, நின்னுடுச்சு,” என்றார்.

அந்த நேரம் பார்த்து மேலே சுரம் இன்னும் உயர்ந்தது. இவர் குறடை எடுத்தார்.

“வேணாங்க. சொன்னாக் கேளுங்க.”

“இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஒரு சுத்துதானே!”

‘டப்!’

தந்தி அறுந்து அவர் மூக்கில் ஒரு கோடு போட்டது. கூடவே மேலேயும் ஒரு ‘டப்!’. தொடர்ந்து “ஐயோ!” என்றது ஓர் ஆண் குரல்.

“பாவம், வித்வானுக்கே பொறுக்கல,” என்றாள் மனைவி.

இவருக்கு மானமே போய்விட்டது. ஆனாலும் சாயங்காலம் ஆக இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. காலில் விழுந்தாவது வித்வானையே தந்தி மாட்டிச் சுருதி சேர்த்துத் தரச் சொல்ல வேண்டும். வயலினைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். பின்னாலேயே மனைவியும் வந்தாள்.

கதவைத் திறந்த அம்மாள் இவர் கையிலிருந்த வயலினைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர, உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“என்னங்க, மூக்குல மருந்து தடவினது போதும், ஓடி வாங்க! தினம் யாரைக் கேட்டுக் கேட்டுத் தந்தியை ஏத்துவீங்களோ, அந்தக் கீழ் வீட்டு வித்வானே வந்திருக்காரு!”